குழாய்க்கு விட்ட ஓட்டை

பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கலியாணம் முடிப்பது எங்கள் காயல்பட்டினத்து வழக்கம். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்கு வருவார். எங்கள் உம்மாவுக்கு இரண்டு பெண்கள், ஒரு வீடு. லாத்தாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, கலியாணம் பேசியதும் உம்மா அந்த வீட்டின் நடுவே சுவர் எழுப்பி இரண்டாக்கினார்கள். கிணறு லாத்தா பக்கம் போயிற்று. பெரிய கூடம் என் பக்கம் வந்தது. சுவரின் பின்கோடியில், இரண்டு அடுப்படிகளும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், ஒரு சின்னக் கதவு வைத்தார்கள்.

அந்தக் கதவுக்கு எந்தப் பக்கமும் தாழ்ப்பாள் கிடையாது. தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வேண்டும் என்று தச்சர் கேட்டாராம். “ஒருத்தி மூஞ்சில ஒருத்தி சாத்துறதுக்கா? வேணாம்” என்று உம்மா உள்ளேயிருந்து சொல்லி அனுப்பினார்கள். லாத்தாவும் நானும் போடாத சண்டை இல்லை. ஆனால் அந்தக் கதவை ஒருநாளும் அடைத்ததில்லை. அடைக்க வழியில்லாததால்தான் என்று லாத்தா சொல்வாள்.

இப்போது லாத்தாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. கட்டிலிலிருந்து அடுப்படிக்கு வருவதே அவளுக்குப் பெரிய பயணம். பிள்ளைகள் எல்லாரும் வளைகுடாவில். காலையில் அவளுக்குத் தேத்தண்ணீர் கொடுப்பதும், காலுக்கு எண்ணெய் தேய்ப்பதும், இரவுச் சோற்றைக் கொண்டுபோய் வைப்பதும் நான்தான். அந்தக் கதவு வழியாகப் போவேன், வருவேன். எனக்குத் தெருவில் இறங்கிப் பழக்கமில்லை. இந்த வயதில் பழகவும் விருப்பமில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அன்னிய ஆண்களிடம் எனக்குப் பேச வராது. யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். சரி என்றால் என்னிடமிருந்து ‘ம்’ என்று ஒரு சத்தம் வரும். வேண்டாம் என்றால் சத்தமே வராது. எங்கள் தெருவுக்கு வந்துபோகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். மீன்காரர் வாசலில் நின்று, “சாளை வேணுமா உம்மா?” என்பார். உள்ளே சத்தமில்லாவிட்டால் வண்டியை உருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அந்த மீன்காரருக்கு இருந்த புத்தி பிற்பாடு வந்தவர்கள் ஒருவருக்கும் இல்லை.

என் மகளுக்கு என் பாதி வீட்டை எழுதிக் கொடுத்துத்தான் கலியாணம் முடித்தேன். மாப்பிள்ளை அவளைத் துபாய்க்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஒருமுறை ஊருக்கு வந்தவர் செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பழைய வீட்டில் நடத்தும் ஓட்டலில் போய்த் தங்கிவிட்டு வந்தார். வந்ததிலிருந்து எங்கள் கூடத்தையும் தூண்களையும் அவர் பார்த்த பார்வையே சரியில்லை. இதே கூடத்தில் படுத்துக்கொண்டு, கொசு கடிக்கிறது, ஏசி இல்லை என்று புலம்பியவர்தான். காசு கொடுத்து இன்னொருத்தர் வீட்டுக் கூடத்தில் படுத்த பிறகு நம் வீட்டின் அருமை தெரிந்துவிட்டது.

வீட்டைப் பொட்டிக் ஓட்டலாக மாற்றப்போவதாக மகள் போனில் சொன்னாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

“சின்ன ஓட்டல்தாம்மா. கொஞ்ச ரூம்தான் இருக்கும். ஆனா பெரிய ஓட்டல விட வாடகை கூட.”

“ஏன் கூட?”

“சின்னதா இருக்கறதுனாலதான்.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

வேலையைப் பார்த்துக்கொள்ள ஆண்கள் யாரும் ஊரில் இல்லை. மாப்பிள்ளையே போனில் வந்தார். “மாமி, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். பாத்துக்கிட்டா மட்டும் போதும்” என்றார். ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லித் தருகிற வேலையைப் போலப் பெரிய வேலை உலகத்தில் இல்லை. அப்படித்தான், அஞ்சாம் வகுப்போடு நின்ற நான், ஓட்டல் கட்டுகிற வேலைக்கு மேற்பார்வை ஆனேன். அடுப்படியையும் அதை ஒட்டிய அறையையும் எனக்கு விட்டுவிட்டு மற்றதை எல்லாம் இடிக்க ஆரம்பித்தார்கள்.

வேலையை எடுத்தவர் தூத்துக்குடி இன்ஜினியர் ஒருவர். தலையில் மஞ்சள் தொப்பி இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. வேலை செய்கிறவர்கள் ஒருவரும் தொப்பி போடவில்லை. மேலிருந்து கல் விழுகிற இடத்தில் அவர்கள் வெறுந்தலையோடு நிற்க, இவர் வேப்பமர நிழலில் தொப்பியோடு நிற்பார். சென்னையிலிருந்து ஒருவர் வீட்டுக்குப் படம் வரைந்து அனுப்புவார். அவர் ஒரே ஒரு தடவைதான் வந்தார். வந்து, சுவரைத் தடவித் தடவிப் பார்த்து, ‘எவ்வளவு உண்மையான வீடு’ என்றாராம். பிறகு அந்த உண்மையை எங்கெங்கே இடிக்க வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போனார்.

நான் ஆண்களிடம் பேசமாட்டேன். ஆனால் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு வழியாக எனக்குக் கிடைத்தவள் ஒரு சித்தாள். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரி. மணல் சட்டி சுமந்து சுமந்து கழுத்து உலக்கை மாதிரி இருக்கும். குரல் அதைவிடத் தடிமன். நான் கதவிடுக்கில் நின்று மெல்லச் சொல்வேன். அவள் அதை எடுத்துக்கொண்டு போய் எறிவாள்.

ஒருநாள், “இந்தச் சொவர் கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருக்கு. தூக்குக்குண்டு போட்டுப் பாக்கச் சொல்லு” என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான்.

அவள் முற்றத்தில் நின்று கத்தினாள்: “ஓய் கொத்தனாரே! நீரு கெட்டுன சொவரு ஒம்மள மாதிரியே தள்ளாடிட்டு நிக்காம். குண்டப் போட்டுப் பாரும்!”

“உம்மா அப்படியா சொன்னாவ?” என்றார் கொத்தனார், பாவம்.

“இதவிட மோசமாச் சொன்னாவ. நாந்தான் கொறச்சுச் சொல்லுதேன்.”

இப்படி வேலை நடந்தது. கொஞ்ச நாளில் எனக்குப் பொல்லாதவள் என்று பெயர் வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து ஒருவர் முகத்தைப் பார்த்து அதட்டியறியாதவள் நான். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்காமலும் இல்லை.

மாப்பிள்ளை வீடியோவில் வருவார். அவர் முன்னால் முகம் காட்டிப் பேச எனக்குக் கூச்சம். போனை மேலே பார்க்கத் திருப்பிப் பிடித்துக்கொள்வேன்.

“மாமி, ஃபேன்தான் தெரியுது.”

“ம்.”

“வேலையக் காட்டுங்க மாமி.”

போனைப் பக்கவாட்டில் திருப்புவேன். சுவர் தெரியும். சுவரும் வேலைதானே.

நல்ல சிவப்புத் தரை இருந்தது. கால் வைத்தால் வெயில் காலத்திலும் சில்லென்றிருக்கும். அதை உடைத்து அள்ளிவிட்டு, பழைய தரை மாதிரியே தெரிகிற புதுக்கல்லை லாரியில் இறக்கினார்கள். பழசு போல இருக்க வேண்டுமாம். ஆனால் பழசாக இருக்கக் கூடாதாம். முன்வாசல் தேக்குக் கதவு வெறும் பலகையாக இருக்கிறது, செதுக்கல் போதாது என்று அதைக் கழற்றி விற்றுவிட்டு, எங்கிருந்தோ இன்னொரு வீட்டுக் கதவைக் கொண்டுவந்து மாட்டினார்கள். மறுநாள் காலை சித்தாள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள்.

“என்னம்மா இது?” என்றேன்.

“மேல பாருங்க உம்மா. லட்சுமி உக்காந்திருக்கா. ரெண்டு பக்கமும் யானை வேற.”

மாப்பிள்ளை படத்தில் பார்த்துவிட்டுத் துபாயில் இருந்து அலறினார். அந்த லட்சுமி வந்த வழியே போய்விட்டாள். எங்கள் கதவு அதற்குள் யார் வீட்டுக்கோ போய்ச் சேர்ந்திருந்தது. இப்போது வாசலில் இருப்பது மூன்றாவது ஒரு வீட்டுக் கதவு. எந்த ஊர், எவர் வீடு என்று தெரியாது. மழைக்கு உப்பி, அடைத்தால் திறக்காது, திறந்தால் அடைக்காது. வருகிறவர்களிடம் அதுதான் எங்கள் பரம்பரைக் கதவு என்று சொல்கிறார்களாம்.

குளியலறையைப் பற்றிச் சொல்லவே நாக்கு கூசுகிறது. அறைக்கும் குளியலறைக்கும் நடுவில் கண்ணாடிச் சுவர். எங்கள் ஊரில் பெண்கள் தெருவில் ஆண்கள் கண்ணில் படாமல் போய்வரத் தனியாக முடுக்குகள் உண்டு. முடுக்கு முடுக்காகவே நடந்து என் உம்மா காலத்தைக் கழித்தார்கள். அவர்கள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்த அறையில் இப்போது குளிக்கிறவர்கள் கட்டிலில் இருப்பவர்களுக்குத் தெரிவார்கள். சித்தாள் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாள். “பாக்கத்தானே வச்சிருக்கானுவ? அப்ப இது எதுக்கு? தொறந்தே போட்டா கண்ணாடி மிச்சம்லா?” என்றாள். அந்த வேலையில் யாராவது உருப்படியாகப் பேசினார்கள் என்றால் அது அவள்தான்.

தண்ணீர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். லாத்தா பக்கத்துக் கிணறு ஆழமில்லாதது. மணலில் ஊறிய நல்ல தண்ணீர். மாப்பிள்ளை ஓட்டலுக்குக் கிணறு எதற்கு என்று எங்கள் பக்கத்தில் போர் போடச் சொன்னார். போட்டார்கள், போட்டார்கள், போட்டுக்கொண்டே போனார்கள். கடைசியில் கடல் வந்தது. வாயில் வைக்க முடியாத உப்பு. இன்ஜினியர் நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டுத் துப்பினார். “உப்புத் தண்ணி ஒரு சொட்டு படக் கூடாதும்மா. உள்ள கம்பி துருப்பிடிச்சிரும். தளமே போயிரும்” என்று கதவுக்கு வெளியே நின்று எனக்குப் பாடம் நடத்தினார். தண்ணீர் லாரி எங்கள் சந்துக்குள் நுழையாது. ஆகவே லாத்தா கிணற்று மோட்டாரில் பச்சைக் குழாயை மாட்டி, சின்னக் கதவு வழியாக எங்கள் பக்கம் கொண்டுவந்தார்கள். பூசுகிற சுவர், கட்டுகிற செங்கல் எல்லாம் என் லாத்தா கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தன. மாப்பிள்ளை அதற்காக அவளுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

சித்தாள் ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. அவள் வேலைக்கு வரவில்லை. பார்த்து அந்த நேரத்தில்தான் இன்ஜினியர் படத்தை விரித்துக்கொண்டு அடுப்படிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார்.

“அம்மா, பின்னால பக்கத்து வீட்டுக்குப் போற டோர் ஒண்ணு இருக்குல்லா? அத க்ளோஸ் பண்ணிரலாம். கெஸ்ட்டுக்குப் பிரைவசி வேணும். அங்க பெட்ஷீட் வைக்க ஒரு ஷெல்ஃப் வருது. ஓகேதான?”

நான் சத்தம் கொடுக்கவில்லை.

“ஓகேதானம்மா?”

நான் சத்தம் கொடுக்கவில்லை. மூச்சுகூட விடவில்லை என்று சொல்லலாம். ஒரு மனுஷி ஒரு காரியத்தை இதைவிட உறுதியாக எப்படி மறுக்க முடியும்?

“சரி” என்று அவரே சொல்லிக்கொண்டு படத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். அந்தச் ‘சரி’யை நான், சரி, விட்டுவிடுகிறேன் என்று எடுத்துக்கொண்டேன்.

லாத்தாவிடம் போய்ச் சொன்னேன். “நீ சத்தம் குடுத்தியாளா?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“அப்பச் சரி. விட்டிருப்பாரு.”

இரண்டு பேரும் நிம்மதியாகத் தேத்தண்ணீர் குடித்தோம்.

மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்ட நாள் வந்தது. அன்றைக்கு வீட்டுக்காரர் வேலையாட்களுக்குச் சோறு போட வேண்டும். சித்தாள் கொடை முடிந்து திரும்பியிருந்தாள். நெற்றி நிறையத் திருநீறோடு வந்து மேலே ஏறிவிட்டாள். என் அடுப்படியில் மூடியைத் திறந்தால் சிமெண்டுத் தூசி விழும். அதனால் லாத்தா அடுப்பில் நெய்ச்சோறும் கறியும் ஆக்கினேன். லாத்தா கட்டிலில் இருந்தபடியே உப்புப் போதாது, புளிப்புக் கூட என்று வேலை பார்த்தாள். சோற்றுத் தேக்சாவை அந்தச் சின்னக் கதவு வழியாகத்தான் இந்தப் பக்கம் இறக்கினோம். கொத்தனார் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். விரலை நக்கிக்கொண்டே, “உம்மா கை ராசியான கை” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். இந்தச் சொல்லை நான் மறக்கவில்லை.

மறுநாள் காலை கழுவிய தேக்சாவைத் தூக்கிக்கொண்டு லாத்தா பக்கம் போனேன். அவள் காலுக்கு எண்ணெய் தேய்த்தேன். ஊர்க்கதை கொஞ்சம் பேசினோம். அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் கேட்டது. அங்கே கரண்டிச் சத்தம் கேட்காத நாள் எது? நான் கண்டுகொள்ளவில்லை. பேச்சு முடிந்து, எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனால், கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது.

ஈரம் காயாத செங்கல் சுவர். கதவையும் நிலையையும் சத்தமில்லாமல் கழற்றியிருக்கிறார்கள். நேற்று நக்கிய அதே விரல்தான் இன்றைக்குக் கரண்டி பிடித்து இதைப் பூசியிருக்கிறது. அடியில் ஒரே ஒரு செங்கலை மட்டும் வைக்காமல் விட்டிருந்தார்கள். அந்த ஓட்டை வழியாகப் பச்சைக் குழாய் அந்தப் பக்கம் போயிருந்தது.

குழாய்க்கு வழி வேண்டும் என்று யோசிக்கத் தெரிந்திருக்கிறது.

லாத்தா, “என்னளா நின்னுட்டே?” என்றாள். சொன்னேன். அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு அழுதாள். அவளுக்கு இரண்டும் அடுத்தடுத்து வரும்.

நான் வீட்டுச் சேலையில் இருந்தேன். தெரு வழியாகச் சுற்றிப் போகலாம் என்றால், போர்த்திக்கொள்ளும் என் துப்பட்டி அந்தப் பக்கம் இருந்தது. லாத்தா தன்னுடையதை எடுத்துத் தந்தாள். வாங்கவில்லை. அதைப் போர்த்திக்கொண்டு ஒருதரம் தெருவில் இறங்கிவிட்டால், தினமும் அப்படியே போய்வரலாமே என்று முடித்துவிடுவார்கள். பிறகு அதுவே வழக்கம் ஆகிவிடும்.

மகளுக்குப் போன் போட்டேன்.

“நீங்க ஒண்ணும் சொல்லலையாமேம்மா? இன்ஜினியர் கேட்டதுக்குச் சும்மா இருந்தீங்களாம். அப்பச் சரின்னுதானே அர்த்தம்னு அவஹ சொல்றாஹ.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நிக்காஹ்வின்போது பெண்ணிடம் சம்மதமா என்று கேட்பார்கள். வெட்கத்தில் அவள் வாய் திறக்காவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். அது புதுப்பெண்ணுக்கு, அந்த ஒரு நாளைக்கு உள்ள சட்டம். பேரன் பேத்தி எடுத்தவளிடம் செங்கல் சுவருக்கு அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்து போடுகிறார் என் மாப்பிள்ளை.

“வீடு யார் பேர்ல இருக்கு?” என்று மகளிடம் கேட்டேன்.

“எம் பேர்லதாம்மா.”

“அப்ப நீ சொல்லு.”

“பேர்லதானேம்மா இருக்கு” என்றாள்.

எங்கள் ஊரில் வீடெல்லாம் பெண்களுக்கு என்று வெளியூர்க்காரர்கள் வியந்து வியந்து பேசுவார்கள். அவர்கள் வந்து இந்தப் பேச்சைக் கேட்க வேண்டும்.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கிணற்றடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பச்சைக் குழாய் பாம்பு மாதிரி நெளிந்து அந்த ஓட்டைக்குள் போவதைப் பார்த்தேன். நேற்றுப் போட்ட தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள். ஒரு நேரம்கூடத் தளம் காயவே கூடாது என்று இன்ஜினியர் எனக்கு நடத்திய இன்னொரு பாடம் நினைவு வந்தது. நல்ல வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

எழுந்துபோய்ச் சுவிட்சை அணைத்தேன். சத்தமில்லாத வேலை. எனக்கு ஏற்ற வேலை.

கொஞ்ச நேரத்தில் ஓட்டையில் கொத்தனார் குரல் கேட்டது. குனிந்து தரையோடு வாயை வைத்திருப்பார் போல. “உம்மா! தண்ணி நின்னு போச்சு!”

நான் சத்தம் கொடுக்கவில்லை.

“கரண்ட் போயிட்டோ?”

லாத்தா கட்டிலில் இருந்தபடியே, சுவருக்குக் கேட்கிற மாதிரி, “இங்க ஃபேன் நல்லாத்தான் ஓடுது” என்றாள்.

பிறகு சித்தாள் வந்தாள். தெருவாசல் வழியாக, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நேராக உள்ளே வந்தாள். சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“மேல பாத்தி கெட்டிட்டு எறங்கி வாரதுக்குள்ள உம்மாவ இந்தப் பக்கம் வச்சுப் பூசிட்டானுவளே, கட்டைல போறவனுவ! இருங்க, போயி நாக்கப் புடுங்குத மாதிரிக் கேட்டுட்டு வாரேன்.”

“வேணாம்” என்றேன். “இத நீ சொல்ல வேணாம்.”

அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் போகாமல் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டாள். நடக்கப் போவதைப் பார்க்காமல் போக அவளுக்கு மனசில்லை.

வெயில் உச்சிக்கு வரும் முன்னே இன்ஜினியர் லாத்தா வீட்டுத் தெருவாசலில் வந்து நின்றார். கதவு ஒருச்சாய்த்திருந்தது. நான் பின்னால் நின்றேன். இடுக்கு வழியாக மஞ்சள் தொப்பியின் விளிம்பு மட்டும் தெரிந்தது.

“அம்மா, தண்ணி விடணும்மா. தளம் வெடிச்சிரும்மா.”

சத்தம் இல்லை.

“எந்தப் பிரச்சனைனாலும் பேசித் தீத்துக்கலாம்மா.”

பேசித் தீர்ப்பதாம். யாரிடம் வந்து சொல்கிறார்.

அவர் கையிலிருந்த போனில் மாப்பிள்ளை குரல் பெரிதாகக் கேட்டது. “மாமி! மாமி, நான் சொல்றதக் கேளுங்க. டெய்லி ஒரு கார் ஏற்பாடு பண்ணிடறேன். பெரியம்மாவப் பாக்கணும்னா கார்ல போயிட்டு கார்லயே வந்துரலாம். கால் தரைல படாது.”

கட்டிலில் இருந்து லாத்தா கேட்டாள்: “அந்த வாசல்ல ஏறி இந்த வாசல்ல எறங்கவா? கார் கதவச் சாத்துறதுக்குள்ள எங்க வீடு வந்துருமே. டிரைவர் பாவம், கியர் எப்பப் போடுவான்?”

சித்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கதவுக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். கொத்தனாராகத்தான் இருக்கும். சிரித்தாலும் அவரை நான் மன்னிக்கவில்லை.

மாப்பிள்ளை போனை வைத்துவிட்டார். இன்ஜினியர் தொண்டையைச் செருமினார். “அன்னைக்குக் கேட்டப்பவே வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்லம்மா?”

சத்தம் இல்லை.

“சரி… சொவர உடைச்சு மறுபடி டோர் வச்சிரட்டுமா?”

நான் உடனே வாய் திறக்கவில்லை. இதை வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவர் காத்திருந்தார். அந்த மனிதர் என் பதிலுக்காகக் காத்து நின்றது அதுதான் முதல் தடவை. மஞ்சள் தொப்பி இடுக்கில் இங்கும் அங்கும் அசைந்தது. தொப்பியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

“அம்மா, சும்மா இருந்தா நான் என்னன்னு எடுத்துக்கட்டும்? சரின்னா, வேண்டாம்னா?”

“உடைங்க” என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. சித்தாள் என்னை அண்ணாந்து பார்த்தாள். லாத்தா, “அல்லாஹ்! ஒனக்குத் தொண்டை இருக்காளா?” என்றாள்.

ஒன்று சொன்ன பிறகு இரண்டாவது சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை. “தாழ்ப்பாள் வேணும். இந்தப் பக்கம் மட்டும்” என்றேன்.

“கெஸ்ட் சைடுல ஒரு லாக்காவது வேணுமேம்மா…”

நான் சத்தம் கொடுக்கவில்லை. இந்தத் தடவை அவருக்குப் புரிந்துவிட்டது.

ஈரச் சுவரை உடைப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. அதே கொத்தனார்தான் உடைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். செங்கல் சரிந்து வழி தெரிந்ததும் போய்ச் சுவிட்சைப் போட்டேன். தளம் தப்பித்தது. தப்பிக்காமல் போயிருந்தாலும் நான் அழுதிருக்கமாட்டேன்.

ஓட்டல் திறந்தாகிவிட்டது. கூடத்துச் சுவர் நிறைய முத்துக்குளிக்கிறவர்கள் படம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறார்கள். இந்தக் கரையிலேயே பிறந்து இவ்வளவு காலம் இருந்தும், முத்துக்குளிப்பதை நான் பார்த்தது எங்கள் வீட்டுச் சுவரில்தான். தங்க வருகிறவர்களைக் காரில் ஏற்றிக் கொற்கைக்குக் கூட்டிப்போய்ப் பாண்டியர் துறைமுகம் என்று காட்டுகிறார்கள். அங்கே இப்போது இருக்கிற வாழைத்தோட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். வந்து, ஒரே சஹனில், பெரிய தாம்பாளத்தில், நாலு பேர் சேர்ந்து சாப்பிடும் எங்கள் ஊர்ச் சாப்பாட்டைக் கேட்கிறார்கள். சஹன் வந்ததும் தனித்தனித் தட்டுக் கேட்கிறார்கள்.

நான் இருந்த பின்னறை இப்போது ஓட்டலின் சாமான் அறை. கதவு திரும்ப வந்ததால் ஷெல்ஃப் இல்லாமல் போன பெட்ஷீட் எல்லாம் அங்கேதான் அடுக்கியிருக்கிறது. மாப்பிள்ளை எனக்கு மேலே ஏசி அறை ஒன்று தருவதாகச் சொன்னார். கண்ணாடிக் குளியலறை உள்ள அறை. நான் சத்தம் கொடுக்கவில்லை. லாத்தா கட்டிலுக்குப் பக்கத்தில் என் கட்டிலைப் போட்டுக்கொண்டேன். ஆக, கதவைக் காப்பாற்றிவிட்டு, கதவுக்கு அந்தப் பக்கத்தை விட்டுவிட்டேன் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். காலையில் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு அந்தப் பக்கம் போகிறேன். எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த விளக்கு வெயிலிலும் எரிகிறது என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து தாழ்ப்பாள் போடுகிறேன். மேற்பார்வையிலிருந்து என்னை இன்னும் யாரும் நீக்கவில்லை.

மாப்பிள்ளை அந்தக் கதவுக்கு மேலே மஞ்சள் விளக்கு ஒன்று போட்டுவிட்டார். சகோதரிகள் அன்பின் அடையாளமாக வைத்த கதவு என்று வருகிறவர்களுக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறாராம். பூசி அடைத்தவர் வாய்தான் அதையும் சொல்கிறது. போன வாரம் ஒரு வெளியூர்ப் பெண் அதைத் தட்டினாள். தட்டினாள், தள்ளினாள், மறுபடி தட்டினாள். படம் எடுக்க வேண்டும் என்று என்னவோ சொன்னாள். லாத்தா காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எண்ணெய்ப் புட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். நாங்கள் சத்தம் கொடுக்கவில்லை.

செருப்புச் சத்தம் திரும்பிப் போனதும், “தாழ்ப்பாள் வேணாம்னுல உம்மா சொன்னாஹ” என்றாள் லாத்தா.

“உம்மா ஓட்டலப் பாக்கலையே” என்றேன். “கால நீட்டு.”